‘உரிய அலுவலரை அணுகலாம்’: சேர்க்கைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கைக் குழுக்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அடுத்து மிதிக்கப்போகிறவள் என் மகள். நடுவில் ஏறத்தாழ முப்பது வருடம். இரண்டு விண்ணப்பங்களும் எப்படி எழுதப்பட்டன என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன். இப்போது நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சேர்க்கை மேசைக்கு உங்கள் பக்கத்திலும் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் புகார்களில் பாதி என் மேலேயே நான் சொல்லிக்கொள்வது.

முதலில் அந்தப் பழைய விண்ணப்பம்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘பெற்றோரின் கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா இருந்ததைப் பார்த்த அப்பா, “என்ன கேக்கறாங்க?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒண்ணும் இல்லைன்னு எழுதினா சீட் தர மாட்டாங்களோ?” என்று கேட்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. கடைசியில் அவரே, “அஞ்சாவது பாஸுன்னு போட்டுக்க” என்றார். போட்டேன். அம்மாவுக்கும் அதையே போட்டேன்.

சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன பிறகு, வேறு எதையோ தேடப்போய், அந்தக் கல்லூரியின் விளக்கக் கையேட்டில் ஒரு வரியைப் பார்த்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், விடுதி விதிகளுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. பெற்றோர் இருவரும் தொடக்கக் கல்வி முடிக்காதிருந்தால் பாதிக் கட்டணம் தள்ளுபடி. அதற்கு, ‘உரிய காலத்துக்குள் உரிய படிவத்தில் உரிய அலுவலரை அணுகலாம்’. வீட்டு நிலையை மறைக்க நாங்கள் எழுதிய பொய்தான் எங்களுக்குச் சேரவேண்டிய சலுகையைத் தட்டிவிட்டது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கடிந்துகொள்ளவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். “அப்பவே வந்து கேட்டிருக்கலாமே” என்றார்.

அந்த வாக்கியத்தில் ‘உரிய’ மூன்று தடவை வருகிறது. எந்தக் காலம், எந்தப் படிவம், எந்த அலுவலர் என்பது ஒரு தடவைகூட வரவில்லை. அதைவிட எனக்கு உறுத்துவது ‘அணுகலாம்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘லாம்’. படித்தவர்கள் இருக்கும் வீட்டில் அதை உரிமை என்று படிப்பார்கள். எங்கள் வீட்டில் தயவு என்று படித்தோம். தயவு கேட்டு ஒருவர் முன் நிற்பது அப்பாவுக்குப் பிடிக்காத காரியம்.

சரி, இரண்டாவது விண்ணப்பத்துக்கு வருகிறேன். போன வருடம் என் மகள் எழுதியது. ‘உங்களைப் பற்றி எழுதுக’ என்ற பகுதியை நான் மூன்று முறை திருத்தினேன். பேராசிரியராக இருக்கும் என் தோழி தொடக்கத்தை மாற்றச் சொன்னாள். பாடத்திட்டத்தில் ஏதோ சந்தேகம் வந்தபோது மகள் நேராகத் துறைத் தலைவருக்கே மின்னஞ்சல் போட்டுவிட்டாள். நான் பதறினேன். “கேட்டா என்னம்மா, கடிச்சா முழுங்கிடுவாங்க?” என்றாள். அந்தத் துணிவை நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொலைபேசியில் அலுவலகங்களோடு நான் மல்லுக்கட்டுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அவ்வளவுதான். நிலம் என்றால் பத்திரம் இருக்கும், நகை என்றால் பெட்டி இருக்கும். இந்தச் சொத்துக்கு இரண்டும் கிடையாது. ஆனால் கைமாறிவிட்டது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதற்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயர் வைத்தார். வகுப்பில் பல வருடமாக அந்தச் சொல்லை நடத்துகிறேன். அன்று சாயங்காலம்தான் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். படிப்பு ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நானே அதற்குச் சாட்சி. ஆனால் நீங்கள் எழுதாமல் விடும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர்களின் பரம்பரைச் சொத்தாகிறது. ஏறி வந்த ஏணியை நாங்கள் எட்டி உதைக்கவில்லை. பிள்ளைகளுக்காக வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

கல்வியைப் ‘பெரும் சமன்செய்வி’ என்று அமெரிக்கக் கல்வியாளர் ஹொரேஸ் மேன் 1848இலேயே எழுதினார். பாதி உண்மை. 1980களில் மைக்கேல் ஹவுட் என்ற சமூகவியலாளர் அமெரிக்கத் தரவுகளை அலசியபோது, இளநிலைப் பட்டம் பெற்றவர்களிடையே தந்தையின் நிலைக்கும் பிள்ளையின் நிலைக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. பட்டம் கையில் வந்துவிட்டால் அப்பா யார் என்று சந்தை கேட்பதில்லை என்று அர்த்தம். 2011இல் ஃப்ளோரென்சியா டோர்ச்சே என்ற சமூகவியலாளர் அதை மறுபடி பார்த்தார். இளநிலைப் பட்டத்தளவில் அது இன்னும் பெரும்பாலும் சரிதான். ஆனால் அதற்கு மேலே, முதுநிலை, முனைவர் என்று போனவர்களிடையே அப்பாவின் நிழல் திரும்ப வந்துவிடுகிறது. எந்த நிறுவனம், எந்தப் பாடம், யார் பரிந்துரை என்ற கேள்விகள் மேலே போகப்போகக் கூடுகின்றன. அவற்றுக்கான விடைகள் எந்தக் கையேட்டிலும் அச்சாவதில்லை.

கதவைத் திறந்துவிட்டோமே, வேறென்ன வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அயர்லாந்து 1967இல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. படித்தவர் எண்ணிக்கை கூடியது. ஆனால் வர்க்கங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லை. அந்த நாட்டுத் தரவை ஆராய்ந்த ராஃப்டரியும் ஹவுட்டும் 1993இல் சொன்ன விளக்கம் கொஞ்சம் கசப்பானது. மேல்வர்க்கப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு படிக்கட்டில் ஏறி நிரம்பிய பிறகுதான் அந்தப் படிக்கட்டில் இடைவெளி குறையத் தொடங்குகிறது. அதற்குள் அவர்கள் அடுத்த படிக்கட்டுக்குப் போய்விடுகிறார்கள். 2001இல் சாமுவேல் லூகாஸ் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: எல்லோரும் ஒரே படிக்கட்டில் நின்றாலும், அந்தப் படிக்கட்டிலேயே நல்ல இடம் எது என்று தெரிந்தவர்கள் அங்கே போய் நின்றுகொள்வார்கள். உங்கள் வளாகத்தில் எந்தத் துறைக்கு மவுசு, எது பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதல் தலைமுறைப் பிள்ளைகள் எதில் அதிகம் சேர்கிறார்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

இதற்குத் திறமை காரணமில்லையா என்றால், ஓரளவு காரணம்தான். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலேயே பின்தங்கி வருவதும் உண்டு. ஆனால் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரெய்மோன் பூதோன் 1970களிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். மதிப்பெண்ணில் வரும் வேறுபாடு ஒன்று. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகள் வேறுவேறு முடிவெடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் மூளைக்கு வேலையில்லை. ‘தோற்றால் என்ன ஆகும்’ என்ற கணக்குத்தான். என் மகள் முதல் வருடம் தோற்றால் இன்னொரு வருடம் படிப்பாள். நான் தோற்றிருந்தால் என் தம்பியின் படிப்பு நின்றிருக்கும். அப்படிப்பட்டவள் நீச்சல் தெரியாதவள் ஆற்றில் இறங்குவது போலத்தான் இறங்குவாள், கரையோரமாக. வீட்டுக்கு அருகில் இருப்பதையும், சீக்கிரம் முடிவதையும், உடனே வேலை தருவதையும் தேர்ந்தெடுப்பாள். அதை ‘ஆர்வக் குறைவு’ என்று நேர்காணல் குறிப்பில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நானே எழுதியிருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன். இதில் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் ஒரு சோதனை செய்தது. மாநிலத்துக்குள் நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களை அதுவே தேடி எடுத்தது. அவர்களில் ஒரு பாதிக்குப் பெரிய உறையில் கடிதம் போனது: நீ விண்ணப்பித்து இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் இல்லை, அதற்காகத் தனிப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம். பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும்கூடத் தகவல் போனது. கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 சதவீதமானார்கள். இதில் முக்கியமான சங்கதி, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்த உதவி முன்பே கிடைக்கக்கூடியதுதான். வழக்கமான வழியில் விண்ணப்பித்து, படிவங்களை நிரப்பி, காத்திருந்தால் கொடுத்திருப்பார்கள். பல்கலைக்கழகம் மாற்றியது பணத்தின் அளவை இல்லை. ‘அணுகலாம்’ என்பதை ‘தருகிறோம்’ என்று மாற்றியது.

இன்னொரு சோதனை அதற்குச் சில வருடம் முந்தையது, முடிவுகள் 2012இல் வெளியாயின. அங்கே அரசின் கல்வி உதவிக்கான படிவம் அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்டது. வரிக் கணக்கு எழுதித்தரும் நிறுவனம் ஒன்றின் கிளைகளுக்கு வந்த எளிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, அங்கேயே உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். வரிக் கணக்கிலேயே பாதி விவரம் இருந்ததால் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. வேறொரு பகுதியினருக்கு ‘உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்’ என்று கணக்குப் போட்டுக் காட்டி, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். நிரப்பிக் கொடுத்த வீடுகளில், அந்த ஆண்டு பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரியில் தொடர்ந்து இரண்டு வருடம் படித்த விகிதம் 28 சதவீதத்திலிருந்து 36 ஆனது. தகவல் மட்டும் வாங்கிப்போன வீடுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை.

இந்த இரண்டாவது முடிவை உங்கள் அறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். விழிப்புணர்வு முகாம், துண்டறிக்கை, காணொலி என்று நாம் செய்யும் பலவும் ‘தகவல் சொல்லியாகிவிட்டது’ என்ற நிம்மதியை நமக்குத் தருகின்றன. அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேண்டியது பக்கத்தில் உட்காரும் ஒரு ஆள்.

இடம் கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. சேர ஒப்புக்கொண்ட பிள்ளைகளில் பத்தில் ஒருவரோ இருவரோ கல்லூரி திறக்கும் நாளில் வருவதில்லை என்று பென் காஸில்மனும் லிண்ட்சே பேஜும் அமெரிக்காவில் கண்டார்கள். இதைக் கோடைக் கரைவு என்கிறார்கள். பள்ளி முடிந்துவிட்டது, ஆசிரியர் இல்லை. கல்லூரி இன்னும் தொடங்கவில்லை, அங்கேயும் ஆள் இல்லை. நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் முன்பணம், மருத்துவச் சான்று, விடுதிப் படிவம் எல்லாம் வரிசையாக வந்து விழுகின்றன. எங்கள் கல்லூரியிலும் பார்த்தேன். வராமல் போன ஒரு பெண்ணைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, மாற்றுச் சான்றிதழின் அசல் கிடைக்கத் தாமதமானதால் இடம் போயிருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டிருந்தாள். இடம் போகவில்லை. பத்து நாள் அவகாசம் உண்டு. அது எங்களுக்குத் தெரியும், பெரிய அதிகாரிகளின் பிள்ளைகளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

வேலைச் சந்தையில் நடப்பது உங்கள் அதிகாரத்துக்கு வெளியே, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் உயர் தொழில்களுக்குள் நுழைந்துவிட்ட உழைக்கும் வர்க்கப் பிள்ளைகள், அதே தொழிலில் இருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்று சாம் ஃப்ரீட்மனும் டேனியல் லாரிசனும் கணக்கிட்டார்கள். பட்டம் கொடுத்தோம், எங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன்.

இது மாற்ற முடியாத தலையெழுத்து ஒன்றும் கிடையாது. பின்லாந்தில் பதினொரு வயதிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, சிலரை மேல்படிப்புப் பாதையிலும் மற்றவர்களை இன்னொரு பாதையிலும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1972இல் வடக்கில் தொடங்கி 1977இல் ஹெல்சிங்கி பகுதி வரை, அந்தப் பிரிவினையைப் பதினாறு வயதுக்குத் தள்ளிப்போட்டார்கள். முன்பு ஒரு தந்தை இன்னொருவரைவிட 10 சதவீதம் அதிகம் சம்பாதித்தால் அவர் மகன் சராசரியாக 3 சதவீதம் அதிகம் சம்பாதித்தான். சீர்திருத்தத்துக்குப் பிறகு அது 2.3 சதவீத அளவுக்கு வந்தது. இந்தோனேசியா 1970களில் சில ஆண்டுகளுக்குள் 61,000 தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அவற்றில் படித்தவர்களின் கல்வியும் கூலியும் உயர்ந்ததைப் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ 2001இல் காட்டினார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அந்தப் பள்ளிகளில் படித்த பெண்களின் பிள்ளைகளையும் பின்தொடர்ந்தன. அவர்களும் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஒரு பள்ளிக் கட்டடம் இரண்டு தலைமுறைக்கு வேலை செய்திருக்கிறது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் போட்ட கணக்குப்படி, அடித்தட்டுக் குடும்பம் ஒன்று சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் இரண்டு தலைமுறை ஆகும், கொலம்பியாவில் பதினொன்று. மனிதர்கள் ஒன்றுதான், ஏற்பாடுகள் வேறு.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாடு மொத்தமும் வளரும்போது எல்லோரும் சேர்ந்து மேலே போகலாம். 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் செய்த கணக்கு இது. வளர்ச்சியின் பலன் மேல்தட்டிலேயே தேங்கும்போது இடங்களுக்கான போட்டிதான் மிஞ்சும். உங்கள் வளாகத்திலும் இடங்கள் எண்ணி வைத்தவை. ஒருவர் ஏறி வந்தால் இன்னொருவருக்கு இடம் இல்லை. மேடையில் ‘எல்லோருக்கும் வாய்ப்பு’ என்று பேசும்போது இதைச் சொல்வதில்லை. வெளியே நிற்கப்போவது என் மகளாக இருந்தால் எனக்குச் சம்மதமா? இரண்டு வாரமாக இந்த மடலை எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு அந்தக் கேள்விதான் காரணம். சம்மதம் என்று வாய் சொல்கிறது. ஆனால் அவள் கட்டுரையை நான்காவது முறை திருத்தித்தரக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் இதைப் பெற்றோரின் மனசாட்சிக்கு விட்டுவிடாமல் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் நிறுவனத்தில் முன்னாள் மாணவரின் பிள்ளை, நன்கொடையாளரின் பிள்ளை என்று சத்தமில்லாமல் ஒரு வழி இருந்தால் முதலில் அதை மூடுங்கள். தகுதித் தேர்வில் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தாலும், அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் போய்ப் படிக்கும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட உச்சி ஒரு சதவீதத்துப் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்று செட்டியின் குழு 2023இல் காட்டியது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரும் முன்னுரிமை. ‘உங்களைப் பற்றி எழுதுக’ என்ற கட்டுரையை வைத்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் கண்முன் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். வீட்டில் எழுதியது என்றால் அதை எத்தனை பேர் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். சலுகைக்கு விண்ணப்பம் கேட்காதீர்கள். வருமானமும் பெற்றோரின் படிப்பும் உங்கள் படிவத்திலேயே இருக்கின்றன, தகுதி உள்ளவர் யார் என்று நீங்களே பார்த்து எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, இங்கே எழுதுவதால் இடம் பறிபோகாது, உதவிதான் கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ‘உரிய அலுவலர்’ என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயரையும், மாலையில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் வையுங்கள். பகலில் கூலி வேலையில் இருப்பவர் எப்படிக் கூப்பிடுவார்? அப்புறம், சேர்ந்தவர்களில் எத்தனை பேரின் பெற்றோர் பள்ளியைத் தாண்டாதவர்கள் என்பதைத் துறைவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். முதல் வருடம் எண்ணிக்கை வெட்கமாக இருக்கும். பரவாயில்லை.

எதுவும் முடியாது என்றால் இது ஒன்றையாவது செய்யுங்கள். அடுத்த கையேடு அச்சுக்குப் போகுமுன் அதைக் கல்லூரிப் பக்கமே போகாத ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் வளாகத்தைப் பெருக்குகிறவராகவோ காவலராகவோ இருக்கலாம். அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள். சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர் எங்கே நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு கோடு போடுங்கள். கோடு போட்ட இடங்களைத் திருத்திவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். அப்பா இருந்திருந்தால் அவரையே அனுப்பி வைத்திருப்பேன். சம்பளம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

எழுதி முடித்ததும் மகளிடம் காட்டினேன். அவள் கட்டுரையைப் பற்றி எழுதியதற்குக் கொஞ்சம் கோபம். பிறகு தலைப்பைத் திரும்பப் பார்த்துவிட்டு, “இதை யாருக்கும்மா அனுப்பப்போறே, உரிய அலுவலருக்கா?” என்றாள்.

இப்படிக்கு,
ஐந்தாவது பாஸ் ஆகாதவரின் மகள்